ஓடைக்கரையில் முளைத்த சிலந்திப்பூ: தோட்டத்துச் செடியா, காட்டுச் செடியா?

ஓடைக்கரை | 14 அக்டோபர் 2023, மாலை 6:40

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் போகிற வழியில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. தோட்டத்துக்குக் கீழே மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும் ஒரு சின்ன ஓடை. போன வாரம் மிளகுக்கொடி பார்க்கப் போனபோது ஓடைக்கரை மணலில் இந்தச் செடி பத்துப் பதினைந்து நிற்பதைக் கண்டேன். என் நெஞ்சளவு உயரம். ஐந்தாறு சிற்றிலைகள் விரித்த கை மாதிரி. உச்சியில் ரோஸ் நிறக் கொத்து. மாலையில் நல்ல நிறமாக இருக்கிறது, மறுநாள் பார்த்தால் வெளுத்து வெள்ளையாகிவிடுகிறது. பூவிலிருந்து பூனை மீசை போல நீளமாக நரம்புகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் அம்மாயிக்கு 84 வயது. படத்தைக் காட்டியதும் "இது தைவேளைடா கண்ணு, பறிச்சிட்டு வா, கீரை கடையலாம்" என்றார். காதுவலிக்கு இலைச்சாறு விடுவார்களாம். எனக்கு என்னவோ சந்தேகம். தைவேளை இவ்வளவு உயரம் வளருமா? தோட்ட வேலைக்கு வருகிற அண்ணன் இலையைப் பார்த்துக் கஞ்சாவோ என்று பயந்து தள்ளியே நிற்கிறார். மூன்று படம் இணைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான் | 14 அக்டோபர் 2023, இரவு 7:55

அம்மாயி சொன்னது சரிதான். தைவேளை, நல்வேளை, தயிர்வேளை எல்லாம் ஒன்றுதான். எங்கள் விருதுநகர்ப் பக்கம் மானாவாரிக் காட்டில் நிறைய வரும். ஐந்து இலை, மீசை நீட்டிய பூ. மலையில் ஈரம் அதிகம், அதனால் உயரமாகப் போயிருக்கும். எங்கள் கரிசலில் ரோஸ் நிறத்திலேயே ஒரு வேளைச் செடி மழைக்குப் பின்னால் வரும், அதையும் பார்த்திருக்கிறேன். நிறத்தை வைத்துப் பயப்பட வேண்டாம்.

நீலமலை | 14 அக்டோபர் 2023, இரவு 8:30

இது தைவேளை இல்லை. கிளியோம். ஸ்பைடர் பிளவர், அதாவது சிலந்திப்பூ என்று குன்னூரில் நாங்கள் நாற்று விற்கிறோம். விதைப் பாக்கெட்டில் கிளியோம் ஸ்பைனோசா என்று போட்டிருக்கும். யாரோ பங்களாத் தோட்டத்தில் வைத்தது விதை விழுந்து இறங்கியிருக்கிறது. கஞ்சா இலையில் ஓரமெல்லாம் ரம்பப்பல் மாதிரி ஆழமாக வெட்டியிருக்கும், இதில் அப்படி இல்லை. அந்த அண்ணனைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மாடித்தோட்டம் | 14 அக்டோபர் 2023, இரவு 9:12

ஐயோ எவ்வளவு அழகு! விதை கிடைக்குமா?

தாவரத்தடம் | 15 அக்டோபர் 2023, காலை 6:05

ஓடைக்கரை அவர்களுக்கு, முதலில் ஒரு வேண்டுகோள். செடி இன்னதென்று முடிவாகும்வரை சமையலுக்கும் வேண்டாம், காதுக்கும் வேண்டாம். அம்மாயியின் கண் தவறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அவர் பார்த்த ஒற்றுமை உண்மையானது, இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். ஆனால் வேளை என்ற பெயருக்குள் நம் நாட்டில் பல செடிகள் இருக்கின்றன. தைவேளையைத் தின்ற பழக்கம் தைவேளைக்கு மட்டும்தான் சாட்சி. அதன் சித்தப்பன் பிள்ளைக்கெல்லாம் அது பொருந்தாது. காதுக்குள் எந்தச் சாற்றையும் வீட்டில் விடவேண்டாம் என்பது என் பொதுவான கருத்து. வலி இருந்தால் மருத்துவரிடம் போகட்டும்.

உங்கள் மூன்று படமும் பூங்கொத்தை மேலிருந்து எடுத்தவை. பூ அழகாக இருக்கிறது. ஆனால் இந்தக் குடும்பத்தில் பூவை மேலிருந்து பார்த்து ஆளைப் பிடிக்க முடியாது. எனக்கு வேண்டியவை இவை.

இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் விரல் வைத்துப் பாருங்கள். முள் தட்டுப்படுகிறதா? ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், கண்ணில் படாமல் போகலாம், விரலுக்குத் தெரியும். அடுத்து, தண்டைத் தொட்டால் பிசுபிசுக்கிறதா, இலையைக் கசக்கினால் வாடை எப்படி? மூன்றாவதாக, ஒரு பூவைப் பக்கவாட்டில் பிடித்து, மகரந்தத்தாள்கள் எந்த இடத்திலிருந்து கிளம்புகின்றன என்று படம் எடுங்கள். எத்தனை தாள் என்று எண்ணுங்கள். காய் இருந்தால் காம்போடு ஒன்று.

கரிசல்காட்டான் சொன்ன ரோஸ் வேளை நல்ல குறிப்பு. அது செலிடோனி என்ற இனமாக இருக்கக் கூடும். அதில் மகரந்தத்தாள் கொத்தாக நிறைய இருக்கும். படத்தில் உள்ளதில் எனக்கு ஆறுக்கு மேல் தெரியவில்லை. அதனால்தான் எண்ணச் சொல்கிறேன்.

கரிசல்காட்டான் | 15 அக்டோபர் 2023, காலை 8:20

ஐயா, நன்றி. எங்கள் ஊர் ரோஸ் வேளையில் தாள் நிறையத்தான், தூரிகை மாதிரி இருக்கும். அப்போது இது அது இல்லை. ஆனாலும் தைவேளை இல்லை என்று எப்படிச் சொல்வது? தைவேளைக்கும் ஆறு தாள்தானே?

தாவரத்தடம் | 15 அக்டோபர் 2023, காலை 9:00

ஆறுதான். தைவேளையை அடையாளம் காட்டுவது எண்ணிக்கை அல்ல, தாள் எங்கே பிறக்கிறது என்பது. பூ இதழ்களுக்கு நடுவிலிருந்து ஒரு மெல்லிய காம்பு மேலே போகும். பாதி தூரம் போனதும் அதிலிருந்து ஆறு தாளும் பிரியும். அதற்கும் மேலே தொடர்ந்து போய் உச்சியில் பிஞ்சுக் காய் உட்கார்ந்திருக்கும். அதாவது தாள்கள் நடுக்காம்பின் மேல் ஏறி நிற்கும். தோட்டத்துச் சிலந்திப்பூவில் தாள்கள் இதழ்களோடு சேர்ந்து அடியிலிருந்தே கிளம்பிவிடும்; பிறகு காயாகப் போகும் சூலகத்தின் காம்பு மட்டும் தனியாக நீளும்.

பூ உதிர்ந்த பிறகும் இதைக் கண்டுபிடிக்கலாம். என் மாணவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பேன். காய்ந்த நெற்றின் காம்பைக் கையில் எடுத்துக் கீழிருந்து மேலே பாருங்கள். இதழ் உதிர்ந்த இடத்தில் மோதிரம் போல ஒரு தழும்பு இருக்கும். தைவேளையில் அதற்கு மேலே, காம்பின் நடுவில் தாள் உதிர்ந்த இன்னொரு தழும்பும் இருக்கும். இரண்டு தழும்பு என்றால் தைவேளை. ஒன்றே ஒன்று என்றால் வேறு ஆள்.

இன்னொன்று, கொத்தில் ஒவ்வொரு பூவுக்கும் அடியில் ஒரு சின்ன இலை இருக்குமே, பூவடிச்செதில். தைவேளையில் அது பெரும்பாலும் மூன்று சிற்றிலையாகப் பிரிந்திருக்கும். தோட்டத்துச் செடியில் பிரியாத ஒற்றை இலையாக இருக்கும்.

நெகிரிக்காரன் | 15 அக்டோபர் 2023, பிற்பகல் 1:45

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் சொல்லும் தைவேளைதான் இங்கே மாமான். எங்கள் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் அதை உப்பிட்டுப் புளிக்கவைத்து ஊறுகாயாகச் சந்தையில் விற்பார்கள், ஜெருக் மாமான் என்று பெயர். புளிக்கவைத்த பிறகுதான் கசப்புப் போகும் என்று மலாய் அக்காமார் சொல்வார்கள்.

சாலையோரத்தில் வேறு ஒன்றும் உண்டு. தரையோடு படர்ந்து, மூன்று சிற்றிலை, சின்ன ஊதாப் பூ. அதுவும் இந்தக் குடும்பமா? அதையும் சிலர் மாமான் என்றே சொல்கிறார்கள்.

தாவரத்தடம் | 15 அக்டோபர் 2023, மாலை 4:30

ஆமாம் ஐயா, அதுவும் இதே குடும்பம்தான். ருட்டிடோஸ்பெர்மா என்ற ஆப்பிரிக்கச் செடி, இப்போது ஆசிய வெப்பமண்டலம் முழுக்கப் பரவிவிட்டது. தமிழ்நாட்டிலும் இருக்கிறது. மஞ்சள் பூவோடு ஒட்டும் நாய்வேளையும் இதே கூட்டம்தான்.

புளிக்கவைப்பதைப் பற்றி நீங்கள் சொன்னதும் புறநானூற்றின் 215ஆம் பாட்டு நினைவுக்கு வருகிறது. கோப்பெருஞ்சோழன் பாடியது. வேளையின் வெண்பூவை வெண்தயிரில் கலந்து ஆய்மகள் சமைத்த புளிக்கூழ் அதில் வருகிறது. "வேளை வெண்பூ" என்று நிறத்தையும் சொல்லிவிட்டார். நம் வேளை வெள்ளைப் பூ. ஓடைக்கரையின் செடி மாலையில் ரோஸாக விரிந்து மறுநாள் வெளுக்கிறது. அதுவே என்னை முதலில் நிறுத்தியது.

ஓடைக்கரை | 17 அக்டோபர் 2023, மாலை 5:50

இரண்டு நாள் மழை, இன்றுதான் இறங்க முடிந்தது. எல்லாம் பார்த்துவிட்டேன்.

முள் இருக்கிறது! ஒவ்வொரு இலைக்காம்பின் அடியிலும் இரண்டு பக்கமும் இரண்டு, வைக்கோல் நிறத்தில். கண்ணுக்குத் தெரியவே இல்லை, விரலில் ஏறியதும்தான் தெரிந்தது. சில இலைக்காம்பின் முதுகிலும் ஒன்றிரண்டு இருக்கிறது. தண்டு முழுக்கப் பிசுபிசுப்பு, சின்னச் சின்னக் கொசு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கசக்கினால் பூனை வாடை. கையைக் கழுவிய பிறகும் போகவில்லை. தாள் ஆறு. இதழோடு அடியிலிருந்தே வருகிறது. பூவடிச்செதில் ஒற்றை இலை, வெற்றிலை போல அடியில் அகலம். நெற்றில் தழும்பு ஒன்றுதான்.

அம்மாயியைக் கூட்டிப்போய் முள்ளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தடவிப் பார்த்துவிட்டு "தைவேளைக்கு முள்ளு ஏது, இது அது இல்ல" என்று அவரே சொல்லிவிட்டார்.

ஒன்று மட்டும் புரியவில்லை. கொத்துத் தண்டில் கீழிருந்து பார்த்தால் ஒரு சாண் அளவுக்குக் காய் வரிசையாக இருக்கிறது. அதற்கு மேல் கொஞ்ச தூரம் காயே இல்லை, வெறும் காம்பு. மறுபடி காய், மறுபடி மொட்டை. ஏதாவது நோயா?

தாவரத்தடம் | 17 அக்டோபர் 2023, இரவு 8:10

நோய் இல்லை அம்மா. இந்தச் செடியின் சுபாவமே அதுதான். அதை நீங்களாகவே கவனித்தீர்கள் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

செடி சில நாள் முழுப் பூக்களைப் பூக்கும். அவற்றில் சூலகம் நீளமாக இருக்கும், காய் பிடிக்கும். பிறகு சில நாள் சூலகம் குட்டையாகவே நின்றுவிட்ட பூக்களைப் பூக்கும். அவை மகரந்தம் மட்டும் கொடுத்து உதிர்ந்துவிடும். காய் சுமக்கும்போது புதிய பூக்களுக்குப் பெண் வேலையைக் குறைத்துக்கொள்கிறது என்று புரிந்துகொள்ளலாம். நியூயார்க் தாவரவியல் பூங்காவில் இருந்த ஸ்டவுட் என்பவர் 1923இல் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். அவர் தோட்டச் செடிகளில் பார்த்ததை நீங்கள் ஏற்காட்டு ஓடையில் பார்த்திருக்கிறீர்கள்.

இனி அடையாளம். முள், பிசுபிசுப்பு, வாடை மூன்றும் இருப்பதால் கிளியோம் ஸ்பெசியோசா என்ற இன்னொரு உறவுச் செடி விலகிவிட்டது. அதுவும் அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி, ரோஸ் பூ, தோட்டத்திலிருந்து தப்பி நம் நாட்டில் பல இடங்களில் தானாக வளர்கிறது. உண்மையில் இந்த விவாத இழையைப் பார்த்தவுடன் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அதற்கு முள் கிடையாது. தண்டு வழவழப்பாக இருக்கும், ஒட்டாது. என் முதல் ஊகம் தவறு.

உங்களுடையது டரினாயா ஹஸ்லேரியானா. பழைய பெயர் கிளியோம் ஹஸ்லேரியானா. தென் அமெரிக்காவின் தென்பகுதி அதன் தாய்நாடு. பராகுவே, அர்ஜென்டினா, தெற்குப் பிரேசில் பக்கம். பராகுவேயில் செடி சேகரித்த சுவிஸ் மருத்துவர் எமில் ஹஸ்லரின் நினைவாக, ஜெனீவாவின் தாவரவியலாளர் ஷோடா 1898இல் வைத்த பெயர்.

நீலமலை | 17 அக்டோபர் 2023, இரவு 9:05

ஐயா சொல்வதை மறுக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் இருபது வருடமாக வாங்குகிற ஒவ்வொரு விதைப் பாக்கெட்டிலும் ஸ்பைனோசா என்றுதான் அச்சடித்து வருகிறது. முள் இருக்கிறது, ஸ்பைனோசா என்றாலே முள்ளுள்ளது என்றுதானே பொருள்? வேறு பெயர் ஏன்?

தாவரத்தடம் | 18 அக்டோபர் 2023, காலை 6:20

நல்ல கேள்வி. உங்கள் மேல் தவறே இல்லை, பாக்கெட் அச்சிட்டவர்கள் மேலும் அதிகம் இல்லை. ஸ்பைனோசா என்ற பெயர் தாவரவியலாளர் ஜாக்குவின் 1760இல் வைத்தது. அது வேறொரு செடி. அதற்கும் முள் உண்டு, பூ பெரும்பாலும் வெண்மை. பிற்பாடு தோட்டங்களுக்கு வந்து புகழ்பெற்றது தெற்கேயிருந்து வந்த ரோஸ் பூச் செடி. முள்ளைப் பார்த்துப் பழைய பெயரையே அதற்கும் மாட்டிவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அதுவே நின்றுவிட்டது. ஸ்டவுட்டின் 1923 கட்டுரையின் தலைப்பிலும் ஸ்பைனோசா என்றுதான் இருக்கிறது.

இந்தக் குடும்பத்தை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர் ஹியூ இல்டிஸ். கிளியோம் என்ற பெரிய மூட்டையைப் பிரித்து, இந்த முள் கூட்டத்தை டரினாயா என்ற பேரினத்தில் வைத்தார். அதனால் செயலிகளில் தேடினால் ஒரே செடிக்கு மூன்று நான்கு பெயர் வரும், ஹவுட்டியானா என்றுகூட வரும். மலைக்க வேண்டாம்.

வெள்ளைப் பூ விடும் தோட்ட ரகங்களும் ஹஸ்லேரியானாவில் உண்டு, ஹெலன் கேம்ப்பெல் என்ற ரகம் பெயர் பெற்றது. எனவே நிறத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்கக் கூடாது. ஓடைக்கரையில் பத்துப் பதினைந்தும் ரோஸாகவே இருப்பதும், பக்கத்தில் தோட்டம் இருப்பதும், விற்பனையில் புழங்குவது இதுதான் என்பதும் சேர்ந்தே என்னை ஹஸ்லேரியானா என்று சொல்ல வைக்கிறது. முழு உறுதிக்கு உலர்மாதிரி, அதாவது அழுத்திக் காயவைத்த செடி வேண்டும்.

வடகரை | 18 அக்டோபர் 2023, மாலை 6:15

நியூ ஜெர்சியில் இருக்கிறேன். வீட்டுக்கு முன்னால் எட்டு வருடத்துக்கு முன் ஒரே ஒரு முறை விதைத்தேன். அதன் பிறகு விதைக்கவே இல்லை, ஒவ்வொரு வருடமும் வருகிறது. உறைபனி விழுந்ததும் செத்துவிடும், ஆனால் விதை மண்ணில் தூங்கி அடுத்த வசந்தத்தில் எழும். நான் வைத்தது மூன்று நிறக் கலவை. இப்போது வருவது பெரும்பாலும் ஒரே ரோஸ்-ஊதா. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஆற்றோரச் சரளையிலும் காலிமனையிலும் தானாகவே நிற்கிறது. இங்கே குளிர்காலம் செடியை அழிக்கிறது. ஏற்காட்டில் அதை யார் செய்வார்கள் என்பதை யோசியுங்கள்.

நர்சரிகளில் முள்ளும் வாடையும் இல்லாத, விதை பிடிக்காத ஒரு ஒட்டுரகமும் இங்கே கிடைக்கிறது, செனோரிடா ரோசலிட்டா என்று பெயர். தப்பித்து ஓடாமல் இருக்க அது நல்லது.

மாடித்தோட்டம் | 18 அக்டோபர் 2023, இரவு 7:40

பத்துப் பதினைந்து செடிதானே? தேனீ வருகிறது, இரவில் அந்துப்பூச்சி வருகிறது. இவ்வளவு அழகான பூவை ஏன் பிடுங்க வேண்டும்? உண்ணிச்செடி மலை முழுக்கப் பரவிக் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு இந்தப் பாவப்பட்ட பூவின் மேல் ஏன் கோபம்?

கரிசல்காட்டான் | 18 அக்டோபர் 2023, இரவு 8:02

தங்கச்சி, உண்ணிச்செடியும் ஒரு காலத்தில் அழகுக்கு வைத்த தோட்டச் செடிதான். அதுவும் முதலில் பத்துப் பதினைந்தாகத்தான் வேலி தாண்டியிருக்கும்.

தாவரத்தடம் | 19 அக்டோபர் 2023, காலை 6:30

இரண்டு பேர் சொல்வதிலும் எனக்குச் சொல்ல ஒன்று உண்டு.

உண்ணிச்செடியோடு இதை ஒப்பிடுவது இப்போதைக்கு நியாயம் ஆகாது. அது பல்லாண்டு வாழும் புதர், பறவை பழம் தின்று பரப்பும், காட்டின் அடித்தளத்தையே மூடிவிடும். இது ஒரே பருவத்தில் முடிகிற செடி. வெயில் படும், மண் கலைந்த இடத்தில்தான் முளைக்கும். விதை தாயின் காலடியிலேயே விழும். ஆக்கிரமிப்புச் செடி என்ற சொல்லை நான் இங்கே பயன்படுத்த மாட்டேன்.

ஆனால் மாடித்தோட்டம் கேட்பதற்கு என் பதில்: இது ஓடைக்கரை. காலடியில் விழுந்த விதையைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகும். வெள்ளம் ஒவ்வொரு வருடமும் மணலைப் புரட்டிப் புதிய வெறும் மண்ணைக் கொடுக்கும். இந்தச் செடிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. தோட்டத்திலிருந்து விதை வந்துகொண்டே இருப்பதால் மட்டும் நிற்கிற செடி வேறு, தோட்டம் இல்லாமலே தலைமுறை தலைமுறையாகத் தானே நிற்கிற செடி வேறு. முதலாவது ஒரு விருந்தாளி. இரண்டாவது குடியேறிவிட்டது. உங்களுடையது எது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. செடி பதினைந்தாக இருக்கும்போது பிடுங்கினால் அரை மணி நேர வேலை. தேனீக்கு வேண்டியதைத் தோட்டத்துக்குள்ளேயே கொடுக்கலாம், காய் முற்றும் முன் கொத்தை நறுக்கிவிட்டால் போதும்.

பிடுங்கும் முன் ஒரு உலர்மாதிரி எடுத்துவிடுங்கள் என்பது என் ஆசை. பூவும் காயும் சேர்ந்த ஒரு கிளை, அடித்தண்டில் முள்ளோடு இலை. செடி ஒட்டும், அதனால் செய்தித்தாளில் நேரடியாக வைத்தால் பிரிக்கும்போது கிழியும். இரண்டு பக்கமும் பட்டர் பேப்பர் வையுங்கள். வெளியே செய்தித்தாள், மேலே பாரம், தாளைத் தினமும் மாற்ற வேண்டும். நாள், இடம், கடல்மட்ட உயரம், ஓடையின் தன்மை, எத்தனை செடி, எல்லாம் குறியுங்கள். பூ நிறமும் வாடையும் கட்டாயம் எழுதுங்கள், காய்ந்த பிறகு இரண்டும் போய்விடும். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் தென்மண்டல மையத்தில் உலர்தாவரகம், அதாவது உலர்மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் இடம் இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் அருட்தந்தை மேத்யூ 1967இல் தொடங்கிய ராபினாட் உலர்தாவரகம் இருக்கிறது. படம் ஒரு நாள் தொலைந்துபோகும். தாளில் ஒட்டிய செடி நூறு வருடம் கழித்தும் "நான் இங்கே இருந்தேன்" என்று சொல்லும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இந்தச் செடியை வெறும் களையாகப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. இதன் மரபணுத் தொகுப்பை 2013இலேயே முழுதாகப் படித்துவிட்டார்கள். அதற்கு ஒரு காரணம் நம் தைவேளை. தைவேளை சோளம், கரும்பு போல வெயிலில் திறமையாக உணவு தயாரிக்கும் வகை. ஹஸ்லேரியானா நெல்லைப் போலச் சாதாரண வகை. இவ்வளவு நெருங்கிய உறவில் இரண்டு வகையும் இருப்பதால், அந்தத் திறமை எப்படி வந்தது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறார்கள். அம்மாயி ஒன்றென்று நினைத்த இரண்டு செடிகளும் ஆய்வுக்கூடத்திலும் ஜோடியாகத்தான் நிற்கின்றன.

மாடித்தோட்டம் | 19 அக்டோபர் 2023, காலை 9:10

ஓடை என்பதை நான் யோசிக்கவில்லை ஐயா. இப்போது புரிகிறது. எனக்கு விதை வேண்டாம். காய் நறுக்க மறந்துவிடும் ஆள் நான்.

நீலமலை | 19 அக்டோபர் 2023, காலை 10:25

நான் இனி நாற்று விற்கும்போது இரண்டு சொல் சேர்த்துச் சொல்வேன்: ஓடை பக்கம் வைக்காதீர்கள், காய் பழுக்கும் முன் வெட்டுங்கள். பெயர்ப்பலகையையும் மாற்றி எழுதுகிறேன். ஓடைக்கரை அம்மா, பிடுங்கும்போது கையுறை போடுங்கள். மழை பெய்த மறுநாள் ஈரமண்ணில் இழுத்தால் ஆணிவேர் முழுசாக வரும். முற்றின நெற்று இருந்தால் முதலில் அதைப் பைக்குள் விட்டு நறுக்குங்கள். ஆட்டினால் வெடித்துக் கொட்டிவிடும்.

ஓடைக்கரை | 22 அக்டோபர் 2023, மாலை 6:30

முடித்துவிட்டோம். பதினேழு செடி. மூன்று செடியில் நெற்று ஏற்கெனவே வெடித்திருந்தது, அது மனதை உறுத்துகிறது. உலர்மாதிரி இரண்டு எடுத்திருக்கிறேன், பட்டர் பேப்பர் யோசனை மிகவும் உதவியது.

விசாரித்ததில் மூலமும் தெரிந்தது. மேலே உள்ள பங்களாவில் முன்பு இருந்தவர்கள் வாசலில் பாத்தி போட்டிருந்தார்களாம். வீடு மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. கேட்டுக்கு வெளியிலிருந்து பார்த்தேன், பாத்தியில் இப்போது ஒரு செடிகூட இல்லை, புல் மூடிவிட்டது.

தாவரத்தடம் | 22 அக்டோபர் 2023, இரவு 7:15

அப்படியானால் மூன்று வருடமாக ஓடை தானே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பொருள் வருகிறது. தோட்டத்திலிருந்து புது விதை வராமல் மூன்று பருவம். இதைக் குறிப்பில் அவசியம் சேருங்கள். அடுத்த மழைக்குப் பின் ஓடையின் கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். கன்று சின்னதாக இருக்கும்போதும் கசக்கினால் வாடை காட்டிக்கொடுக்கும்.

ஓடைக்கரை | 9 ஜூன் 2024, காலை 11:20

பழைய இழையை மேலே கொண்டுவருகிறேன், மன்னிக்கவும். கோடைமழை பெய்து முளைப்பு வந்துவிட்டது. பிடுங்கிய இடத்தில் முப்பத்தொரு கன்று. கீழே பாலத்தடியில், நடந்து அளந்தால் அறுபது அடி தள்ளி, இன்னும் நான்கு. பாலத்தடியில் போன வருடம் செடியே இல்லை, நான் அங்கேயும் பார்த்திருந்தேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். ஒரு கன்றைக் காயவைத்து உலர்மாதிரியோடு சேர்த்திருக்கிறேன். இரண்டு தாளையும் இந்த மாதக் கடைசியில் கோவைக்கு எடுத்துப் போகிறேன்.

வடகரை | 9 ஜூன் 2024, மாலை 5:00

இன்னும் சில வருடம் விடாமல் பாருங்கள். எல்லா விதையும் ஒரே மழைக்கு எழாது. என் அனுபவம் அது.

தாவரத்தடம் | 9 ஜூன் 2024, மாலை 6:45

பாலத்தடி நான்கும் மிக முக்கியமான தகவல். தேதியோடு எழுதி வையுங்கள் அம்மா. அம்மாயி எப்படி இருக்கிறார்?

ஓடைக்கரை | 9 ஜூன் 2024, இரவு 8:10

நன்றாக இருக்கிறார் ஐயா. போன மாதம் சேலம் இறங்கியபோது அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு குப்பைமேட்டு ஓரத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். உண்மையான தைவேளை. இடுப்பளவு, வெள்ளைப் பூ, முள் இல்லை. நான் நெற்றுக் காம்பைப் பார்த்தேன், தழும்பு இரண்டு. நான் காம்பைப் பார்த்து முடிப்பதற்குள் அவர் முந்தானை நிறையப் பறித்துவிட்டார். குப்பைமேட்டில் பறித்ததைச் சமைக்க வேண்டாம் என்று சொல்லி, அதில் விதை மட்டும் எடுத்துக்கொண்டோம். இப்போது கொல்லையில் ஒரு பாத்தி முளைத்திருக்கிறது. அடுத்த வாரம் தயிர் ஊற்றிக் கடைவதாகச் சொல்லியிருக்கிறார்.